அடுத்த புதன் நர்சம்மா

முடிச்சூரில் ஜஹானாராவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. நேரில் பார்த்தால் நர்சம்மா. அவளுடைய மொபெட் தெருமுனை திரும்பியதும் ‘அடுத்த புதன்’. “அடுத்த புதன் வந்துட்டுப் போயிடுச்சா?” என்று ஒருத்தி கேட்பாள். “இப்பதான் ஏரிக்கரைப் பக்கம் போச்சு” என்று இன்னொருத்தி சொல்வாள். தனக்கு இப்படி ஒரு பெயர் இருப்பது ஜஹானாராவுக்குத் தெரியும். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அவள் கிராம சுகாதார செவிலியர். ஒரே ஒரு அறையும் ஒரு வராந்தாவும் கொண்ட துணை சுகாதார நிலையம்தான் அவள் ராஜ்ஜியம். வாரம் முழுக்கக் கர்ப்பிணிகளைப் பார்ப்பாள், வீடு வீடாகப் போவாள். புதன்கிழமை மட்டும் தடுப்பூசி. அன்றைக்குக் காலையில் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தாய்மார்கள் வரிசையில் நிற்பார்கள். ஜஹானாரா ஒவ்வொரு குழந்தையின் நெற்றியிலும் புறங்கையை வைத்துப் பார்ப்பாள், மூக்கைப் பார்ப்பாள், முதுகில் காது வைத்துக் கேட்பாள். மூக்கில் ஒரு சொட்டு ஈரம் இருந்தால் போதும். “சளி பிடிச்சிருக்கும்மா. அடுத்த புதன் வா.” அழுதாலும் கெஞ்சினாலும் பேச்சு மாறாது.

அவள் பிறந்தது மேற்குத் தாம்பரத்தில். அத்தாவுக்குச் செருப்புக் கடை. பிளஸ் டூ முடித்ததும் நர்ஸ் ஆவேன் என்று நின்றாள். பதினெட்டு மாதப் பயிற்சி முடிந்து தொண்ணூற்று மூன்றில் முடிச்சூருக்குப் போட்டார்கள். அப்போது அங்கே பஸ்ஸை விட்டு இறங்கினால் வயல் வரப்பில்தான் நடக்க வேண்டும். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு நடப்பாள்.

இரண்டாவது வருஷம் அது நடந்தது. லேசாகச் சளி பிடித்திருந்த ஒரு கைக்குழந்தைக்கு ஊசி போட்டாள். சாயங்காலம் குழந்தைக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. மறுநாள் காலையில் இருபது பேர் வாசலில் வந்து நின்றார்கள். “சளியோட இருந்த புள்ளைக்கு எதுக்குடி ஊசி போட்ட?” என்று ஒருத்தர் மாற்றி ஒருத்தர் கத்தினார்கள். ஒண்டியாக உள்ளே நின்றவள் கதவைத் தாழ்போட்டுக்கொண்டாள். குழந்தைக்கு இரண்டு நாளில் சரியாகிவிட்டது. ஜஹானாராவுக்குச் சரியாகவில்லை. அன்றிலிருந்து சளி என்றால் ஊசி கிடையாது.

இப்படியே பதிமூணு வருஷம் போனது. வயல்கள் மனைகளாயின. மைதீன் பிச்சையைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவருக்குத் திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் லேத் பட்டறை. மகள் ஷபீனா வளர்ந்து ஆறாம் வகுப்புக்குப் போனாள். ஜஹானாராவின் விதி மட்டும் மாறவே இல்லை.

இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு ஆகஸ்டு மாதம், ஒரு வியாழக்கிழமை, ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர்கள் எல்லோரையும் கூட்டி உட்காரவைத்தார்கள். தடுப்பூசி அட்டவணையில் மாற்றம் வந்திருந்தது. டாக்டர் வைத்தீஸ்வரன் சின்ன வயசுக்காரர், வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. சுற்றறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னார். மஞ்சள் காமாலைக்குப் புதிதாக ஒரு ஊசி சேர்கிறது, ஒரு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு. ஒரே நாளில் இரண்டு ஊசி, தேவைப்பட்டால் மூன்றும் போடலாம், வேறு வேறு இடத்தில். விட்டுப்போன குழந்தைக்கு முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டாம், விட்ட இடத்தில் இருந்து தொடரலாம். அதுவரை தலையாட்டி எழுதிக்கொண்டு வந்தாள் ஜஹானாரா.

“அடுத்தது ரொம்ப முக்கியம். லேசான சளி, இருமல், லேசான காய்ச்சல், வயித்துப்போக்கு, இதுக்காக யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது. ஆஸ்பத்திரியில சேர்க்கிற அளவுக்கு முடியாம இருந்தா, இல்லேன்னா முன்னாடி போட்ட ஊசிக்குப் பெரிசா எதாவது ஆகியிருந்தா, அப்ப மட்டும்தான் யோசிக்கணும்.”

ஜஹானாராவின் பேனா நின்றது. எழுந்தாள்.

“சார், சளியோட இருக்கிற குழந்தைக்குப் போட்டா காய்ச்சல் வரும் சார்.”

“சளி இல்லாத குழந்தைக்குப் போட்டாலும் வரும் சிஸ்டர்.”

“நான் கண்ணால பார்த்தேன் சார். ஒரே நாள்ல உடம்பு கொதிச்சது. ஊரே வந்து என் வாசல்ல நின்னுச்சு.”

டாக்டர் காகிதத்தைக் கீழே வைத்தார். அவள் சொன்ன கதை முழுவதையும் கேட்டார். அப்புறம் நிதானமாகச் சொன்னார். “அது ஊசியோட காய்ச்சல் சிஸ்டர். முத்தடுப்பு ஊசி போட்டா நிறைய குழந்தைங்களுக்கு வரும். ஒண்ணு ரெண்டு நாள்ல போயிடும். அன்னிக்கு அந்தக் குழந்தைக்குச் சளியே இல்லாம இருந்திருந்தாலும் வந்திருக்கும். உங்க மேல எந்தத் தப்பும் இல்ல.”

உங்க மேல எந்தத் தப்பும் இல்ல. பதிமூணு வருஷமாக யாரும் அவளிடம் சொல்லாத வார்த்தை. நியாயமாகப் பார்த்தால் நெஞ்சு லேசாகியிருக்க வேண்டும். ஆனால் உட்கார்ந்ததும் அவளுக்கு வேறொரு கணக்கு ஓடியது. அன்றைக்குத் தப்பு இல்லை என்றால், அதற்கப்புறம் திருப்பி அனுப்பிய அத்தனை புதன்கிழமைகளும் தப்புதானே?

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பையிலிருந்த நோட்டை எடுத்தாள். திருப்பி அனுப்பிய பிள்ளைகளின் பெயரைக் கடைசிப் பக்கத்தில் எழுதிவைப்பது அவள் வழக்கம். திரும்பி வந்ததும் டிக் அடிப்பாள். அந்த வருஷத்தில் டிக் விழாமல் பதினோரு பெயர் இருந்தது.

டீயோடு வந்த ஷபீனா எட்டிப் பார்த்தாள். “யாரும்மா இவங்கல்லாம்?”

“நான் விரட்டி விட்டவங்க.”

விஷயத்தைக் கேட்ட மைதீன் பிச்சை சிரித்தே விட்டார். “அப்ப இனிமே உனக்கு வேற பேர்தான் வைக்கணும் ஊர்ல.”

“சிரிக்காதீங்க. ஒவ்வொரு வீடாப் போயி நான்தான் தப்புன்னு சொல்லணும். எப்படிங்க சொல்றது?”

“நான் அளவு தப்பாக் கடைஞ்சிட்டா பார்ட்டிகிட்ட என்ன சொல்றேன்? தப்பாயிடுச்சு சார், கொடுங்க, சரி பண்ணித் தரேன். அவ்வளவுதான். இழுக்க இழுக்கத்தான் பேஜாரு.”

மறுநாள் காலையிலேயே கிளம்பிவிட்டாள். முதல் வீட்டில் சுற்றி வளைத்துத்தான் விஷயத்துக்கு வந்தாள். இரண்டாவது வீட்டில் பரவாயில்லை. மூன்றாவது வீட்டில், “ஐயோ, இதுக்கா நர்சம்மா வெயில்ல வந்த? புதன்கிழமை இட்டுகினு வரேன், போ” என்று மோர் கொடுத்து அனுப்பினார்கள். மன்னிப்புக் கேட்பது இத்தனை சுலபமா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

அய்மான் என்ற குழந்தையின் வீடு பூட்டியிருந்தது. அப்பா டைல்ஸ் போடுகிறவர், நாவலூரில் அபார்ட்மெண்ட் வேலைக்குப் போனவர் குடும்பத்தையும் அங்கேயே கூட்டிக்கொண்டு போய்விட்டார் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை மைதீன் பிச்சையின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து நாவலூருக்கே போனாள். கட்டி முடிக்காத பன்னிரண்டு மாடிக்குப் பின்னால், தகரக் கொட்டகை வாசலில் உட்கார்ந்திருந்த அய்மானின் அம்மா கைனாத் அவளைப் பார்த்ததும் பதறி எழுந்தாள். “அக்கா! ஊசி அட்டை தொலைஞ்சிடுச்சுக்கா. அட்டை இல்லாம போனா திட்டுவாங்கன்னு இங்க எங்கயும் போகல.” ஜஹானாரா அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். பதிவேட்டைப் பார்த்துப் புது அட்டை எழுதிக் கொடுத்தாள். “இதை எடுத்துக்கிட்டு இங்க பக்கத்துல இருக்கிற அரசு ஆஸ்பத்திரிக்குப் போ. முதல்ல இருந்து போடணும்னு சொன்னா, இல்ல, விட்ட இடத்துல இருந்துதான்னு சொல்லு.” கைனாத் அதை மூன்று தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

ஞாயிறு சாயங்காலத்துக்குள் ஒன்பது பெயர் முடிந்தது. மீதி இரண்டு பெயரும் ஒரே வீடு. தீனா, ஓவியா. இரட்டைப் பிள்ளைகள், பதினோரு மாதம். தசரதனின் பேரப்பிள்ளைகள்.

தசரதன் என்றால் ஊரில் தெரியாதவர் கிடையாது. ஒரு காலத்தில் ஏரிப் பாசனத்தில் நெல் போட்டவர். இப்போது மனை விற்பவர். ஒரு வேன், அதன் தலையில் ஒலிபெருக்கி, விரலில் மூன்று மோதிரம். இரட்டையர்களுக்கு முதல் ஊசி ஒழுங்காக விழுந்தது. இரண்டாவதுக்குத்தான் வந்தது வினை. ஒரு புதன் தீனாவுக்குச் சளி. அடுத்த புதன் தீனாவுக்குச் சரியாகி ஓவியாவுக்கு ஒட்டிக்கொண்டது. அதற்கடுத்த புதன் மறுபடி தீனா. ஒன்றுக்குப் போட்டு ஒன்றை விட அவர்கள் அம்மா சாமுண்டீஸ்வரிக்கு மனசு வரவில்லை. நாலாவது தடவை திருப்பி அனுப்பியபோது தசரதனே வந்து, “இனிமே எங்க வூட்டுப் புள்ளைங்க இந்த வாசப்படி மிதிக்காது” என்று வராந்தாவில் நின்று சத்தம் போட்டுவிட்டுப் போனார். அதற்கப்புறம் ஏழு மாதம்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு ஜஹானாரா அந்த வீட்டு கேட்டைத் திறந்தாள். வாசலில் நாற்காலி போட்டு லேஅவுட் வரைபடம் பார்த்துக்கொண்டிருந்த தசரதன் தலை நிமிரவில்லை.

“இன்னாம்மா?”

“அண்ணா, தீனாவுக்கும் ஓவியாவுக்கும் ஊசி போடணும். புதன்கிழமை கூட்டிட்டு வரணும்.”

“ஈஸ்வரி!” என்று உள்ளே பார்த்துக் கத்தினார். “புள்ளைங்களத் தூக்கினு வா.”

சாமுண்டீஸ்வரி இடுப்புக்கு ஒன்றாக இரண்டையும் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். ஓவியாவின் மூக்கு தாராளமாக ஒழுகிக்கொண்டிருந்தது. தீனா ஒரு முறை இருமினான்.

“பாத்துக்க. ஒண்ணுக்குச் சளி கீது. இன்னொண்ணுக்கு இருமல் கீது. அடுத்த புதனா, அதுக்கடுத்த புதனா? சொல்லு.”

“இந்தப் புதன்தான் அண்ணா. சளியோடவே வரட்டும்.”

இப்போதுதான் தசரதன் நிமிர்ந்து பார்த்தார்.

“நாலு வாட்டி நாங்க வந்தப்போ இன்னா ஆச்சு அப்ப?”

ஜஹானாரா மூச்சை இழுத்துவிட்டாள். “அது என் தப்பு அண்ணா. லேசான சளிக்கு ஊசியத் தள்ளிப்போடத் தேவையில்ல. எனக்குப் பயம். ஒரு தடவை ஊர் வந்து என் வாசல்ல நின்னதுல இருந்து பயம். அந்தப் பயத்துல உங்க பிள்ளைங்களைத் திருப்பி அனுப்பிட்டேன். போன வாரம்தான் டாக்டர் தெளிவா சொன்னார். அதான் நானே வந்தேன்.”

தசரதன் வரைபடத்தை மடித்து வைத்தார். பட்டா மாற்ற, மின்சாரம் வாங்க, வரி கட்ட என்று முப்பது வருஷமாக எத்தனையோ அலுவலகத்தில் நின்றிருக்கிறார் மனுஷன். அவர் தப்பைச் சொன்னவர்கள்தான் அங்கே எல்லோரும். தன் தப்பைச் சொல்லி வீட்டுக்கு வந்த ஆளை அவர் இப்போதுதான் பார்க்கிறார்.

“உக்காரும்மா,” என்றார். “ஈஸ்வரி, காப்பி போடு.”

காப்பி வரும்வரை அவர் கேள்விமேல் கேள்வி கேட்டார். இத்தனை மாதம் விட்டதால் முதலில் இருந்தா? இல்லை, விட்ட இடத்திலிருந்து. எத்தனை ஊசி? மூன்று.

“மூணா! ஒரே நாள்லயா!”

“ரெண்டு தொடையில ஒண்ணொண்ணு, கையில ஒண்ணு. ஒரே நாள் அழுகையோட முடிஞ்சிடும் அண்ணா. மஞ்சள் காமாலை ஊசி ஒரு வயசுக்குள்ளதான். இவங்களுக்கு இன்னும் மூணு வாரம்தான் இருக்கு.”

தசரதன் பேரனையும் பேத்தியையும் மாறி மாறிப் பார்த்தார். “இது மாதிரி சளின்னு நின்னு போன புள்ளைங்க வேற எங்க எங்க கீது?”

“என் நோட்டுல இருக்கிறது எல்லாம் பார்த்துட்டேன். ஆனா நான் எப்படியும் திருப்பி அனுப்பிடுவேன்னு வராமலே இருந்தவங்க எத்தனை பேர்னு எனக்குத் தெரியாது.”

“அத என்கிட்ட வுடு,” என்றார் தசரதன்.

புதன்கிழமை காலை ஜஹானாரா மேஜையைத் துடைத்து, ஊசிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். தூரத்தில் ஒலிபெருக்கிச் சத்தம் கேட்டது. வழக்கமாக ஞாயிற்றுக்கிழமைதான் தசரதனின் வேன் மனை விற்கக் கிளம்பும். இன்றைக்கு என்ன என்று வராந்தாவுக்கு வந்தாள்.

“முடிச்சூர்ப் பொதுமக்களே! கொயந்தைங்களுக்கு இலவசத் தடுப்பூசி! சளி இருந்தாலும் வரலாம், இருமல் இருந்தாலும் வரலாம்! காய்ச்சலா, கவலை வேணாம்! இன்னிக்கு ஒரு நாள் மட்டும்! சில இடங்களே மீதம் உள்ளன! முந்துங்கள்!”

மைக்கைப் பிடித்திருந்தது தசரதனே. பழக்கதோஷத்தில் “கிழக்கு பார்த்த” என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டதும் ஊர் முழுக்கக் கேட்டது. வேன் நின்றதும் உள்ளேயிருந்து தாயும் பிள்ளையுமாக இறங்கினார்கள், இறங்கிக்கொண்டே இருந்தார்கள். இறக்கிவிட்டு வேன் மறுபடியும் போனது. ஒன்பதரை மணிக்கெல்லாம் வரிசை வராந்தாவைத் தாண்டி, வேப்பமரத்தைத் தாண்டி, ரோட்டுக்குப் போய்விட்டது.

முதலில் தீனா. கால் கையைப் பிடித்துக்கொண்டாள் சாமுண்டீஸ்வரி. முதல் ஊசிக்கு அவன் ஜஹானாராவை ஆச்சரியமாகப் பார்த்தான். இரண்டாவதுக்கு உதடு பிதுங்கியது. மூன்றாவதுக்கு முன்னாலேயே ஓவியா வீரிட்டாள். அண்ணனுக்கு நடப்பதைப் பார்த்து அவள் அழ, அவள் அழுவதைப் பார்த்து அவனும் சேர்ந்துகொண்டான். வரிசையில் நின்ற பெண்கள் அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றிருந்த தசரதனை மட்டும் காணவில்லை. தேடினால், நெற்றியெல்லாம் வேர்த்து, பெஞ்சில் சாய்ந்து கண்ணை மூடிக் கிடந்தார்.

“அண்ணா, ஊசி குழந்தைக்குத்தான் போட்டேன்,” என்றாள் ஜஹானாரா, தண்ணீர் டம்ளரை நீட்டி.

“தெரியுது, தெரியுது. நீ வேலயப் பாரு.”

பதினோரு மணிக்கு ஐஸ் பெட்டி காலியாகிற நிலைக்கு வந்தது. அவள் வேலை பார்த்த இத்தனை வருஷத்தில் மருந்து மிஞ்சித்தான் திருப்பி அனுப்பியிருக்கிறாள். ஐந்து குழந்தைகளுக்கான தட்டம்மை மருந்துக் குப்பியை ஒரே ஒரு குழந்தைக்காக உடைக்கவா என்று யோசித்த நாட்கள் உண்டு. இன்றைக்குக் குப்பி உடைத்து உடைத்துக் கை வலித்தது. டாக்டருக்கு போன் போட்டாள். அரை மணி நேரத்தில் தசரதனின் வேனிலேயே மருந்துப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வைத்தீஸ்வரன் வந்து இறங்கினார். வரிசையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

“என்ன சிஸ்டர் பண்ணீங்க?”

“நீங்க சொன்னதத்தான் சார் சொன்னேன். மிச்சத்த மைக்கு சொல்லிச்சு.”

அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு இன்னொரு மேஜை போட்டார்.

மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் அங்காளம்மாள் என்ற பெண் ஐந்து மாதக் குழந்தையோடு மேஜைக்கு வந்தாள். சித்தாள் வேலை பார்ப்பவள். “காய்ச்சலோடயும் வரலாம்னு மைக்குல சொன்னாங்கோ” என்று முந்தானையை விலக்கினாள். ஜஹானாராவின் கை வழக்கம்போல நெற்றிக்குப் போனது, அங்கேயே நின்றது. குழந்தை அழவில்லை. கண்ணைத் திறக்கவில்லை. மூச்சு வேகவேகமாக வாங்கியது. ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது.

“சார்!”

டாக்டர் வந்து ஒரு நிமிஷம் பார்த்தார். “நிமோனியா மாதிரி இருக்கு. உடனே ஆஸ்பத்திரி.”

அங்காளம்மாளின் முகம் வெளுத்தது. “அப்ப ஊசி?”

“ஊசி அப்புறம் போட்டுக்கலாம்மா. இது அடுத்த வாரம் வரைக்கும் காத்திருக்கிற சளி இல்ல,” என்று சொல்லிக்கொண்டே ஜஹானாரா அவள் தோளைப் பிடித்து வேனுக்கு நடத்திக்கொண்டு போனாள். தசரதன் மயக்கமெல்லாம் பறந்துபோய் முன்சீட்டில் ஏறியிருந்தார். அந்த வேன் மணல் ரோட்டில் அத்தனை வேகமாக ஓடி யாரும் பார்த்ததில்லை. தாம்பரத்து ஆஸ்பத்திரியில் சேர்த்து, ஆக்சிஜன் வைக்கும் வரை கூடவே இருந்துவிட்டுத்தான் திரும்பினார். “இன்னும் ஒரு நாள் வுட்டிருந்தா கஷ்டம்னாங்க. இப்ப பயமில்லியாம்,” என்று வராந்தாவில் நின்று அவர் சொன்னபோது ஜஹானாராவுக்குக் கண் நிறைந்துவிட்டது. கையில் ஊசி இருந்ததால் துடைக்க முடியவில்லை. சாமுண்டீஸ்வரிதான் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள்.

அன்றைக்கு மூன்றரை மணி வரை ஊசி போட்டார்கள். எழுபத்திரண்டு பிள்ளைகள். சராசரியாக ஒரு புதனுக்குப் பதினைந்து வந்தாலே அதிகம். அன்று சாயங்காலமும் மறுநாளும் ஊரில் பல வீட்டில் காய்ச்சல் அடித்தது. ஜஹானாரா விடிந்ததும் மொபெட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனாள். வாசலில் நின்று கத்த ஒருவரும் இல்லை. “நீதான் நேத்தே சொல்லிட்டியே நர்சம்மா, ஒடம்பு காயும்னு. மருந்து குடுத்தேன், தூங்குது” என்றார்கள். ஒரு வீட்டில் கேழ்வரகு அடை கொடுத்தார்கள். அதைத் தின்றுகொண்டே அடுத்த வீட்டுக்குப் போனாள்.

அங்காளம்மாளின் குழந்தை ஒன்பதாம் நாள் வீடு திரும்பியது. அதற்கடுத்த மாதம் அதற்கும் ஊசி விழுந்தது. ஜஹானாராவின் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டே ஊசி வாங்கிக்கொண்டது அது.

செப்டம்பரில் துணை நிலையத்துச் சுவருக்கு வெள்ளையடித்துப் புது அட்டவணை எழுத வேண்டியிருந்தது. தசரதன் தன் பெயிண்டரை அனுப்பினார். மனை போர்டு எழுதுகிற ஆள் அவர். ஜஹானாரா பக்கத்தில் நின்று ஒவ்வொரு வரியாகச் சொன்னாள்: பிறந்தவுடன் எது, ஒன்றரை மாதத்தில் எது, ஒன்பது மாதத்தில் எது. கீழே பெரிதாக, லேசான சளி இருமலுக்காக ஊசியைத் தள்ளிப்போட வேண்டாம். சிவப்பிலும் நீலத்திலும் எழுத்து ஜொலித்தது. கடைசி வரி முடியும்போது வெளியே யாரோ கூப்பிட்டார்கள் என்று அவள் போனாள். பெயிண்டர், எந்த போர்டு எழுதினாலும் செய்வதுபோலவே, அடியில் ‘தொடர்புக்கு’ என்று போட்டுத் தசரதனின் செல்போன் நம்பரை எழுதிவிட்டுப் போய்விட்டார்.

அழிக்கச் சொல்லலாம் என்றுதான் ஜஹானாரா தசரதன் வீட்டுக்குப் போனாள். கேட்டுக்கு வெளியிலேயே அவர் குரல் கேட்டது. போனைக் காதில் வைத்துக்கொண்டு, லேஅவுட் வரைபடத்தின் பின்பக்கத்தில் பேனாவால் என்னவோ குறித்துக்கொண்டிருந்தார்.

“சொல்லும்மா, புள்ளைக்கு எத்தினி மாசம்? … மூணரையா? அப்ப ரெண்டு ஊசி, ஒரு சொட்டு மருந்து. அட்டை இல்லன்னாலும் வா, நம்ம நர்சம்மா கிட்ட நோட்டு கீது. மூக்கு ஒழுகுதா? ஒழுகட்டும், இட்டுகினு வா!”